நூறு மீற்றரோடு நின்றுவிடும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் உங்கள் பக்கங்களில் நூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளைகளின் படங்களைக் காண்கிறோம். அவர்களில் நீளமும் நன்றாகப் பாயக்கூடியவர்களை டெகத்லன் (ஓட்டம், பாய்தல், எறிதல் என்று பத்துப் போட்டிகள்; ஒவ்வொன்றின் பெறுபேற்றுக்கும் அட்டவணைப்படி புள்ளி) பக்கம் திருப்புங்கள் என்று மட்டக்களப்பு, அம்பாறை விளையாட்டு ஆசிரியர்களைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்க வீரர் அஷ்டன் ஈட்டன் பாடசாலையில் ஓட்டக்காரர், நீளம் பாய்பவர். ஒரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போன பின்பே டெகத்லனுக்கு மாறினார். 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கப் பல்கலைக்கழகச் சம்பியன். 2012இல் 9039 புள்ளி, உலக சாதனை. 2015இல் அதை 9045 ஆக்கினார். லண்டனிலும் ரியோவிலும் ஒலிம்பிக் தங்கம். 9039 எடுத்த அன்று அவர் குண்டு போட்டது 14.20 மீற்றர்தான், 741 புள்ளி. பரிதிவட்டம் 42.81 மீற்றர், 722 புள்ளி. இரண்டும் பெரிய தூரமல்ல. ஆனால் நீளம் பாய்தலில் 8.23 மீற்றர் பாய்ந்து 1120 புள்ளி எடுத்துவிட்டார். உடம்பு பெருத்தவனுக்குத்தான் டெகத்லன் என்று நம்மவர்கள் நினைப்பது சரியல்ல.

புள்ளி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி கொடுக்கவேண்டும். நூறு மீற்றரை 11.50 செக்கனிலிருந்து 11.30க்குக் கொண்டுவர ஒரு பருவமே போய்விடும். கிடைப்பது 42 புள்ளி. 1500 மீற்றரை 5 நிமிடத்திலிருந்து 4 நிமிடம் 40 செக்கனுக்குக் குறைத்தால் 120 புள்ளி. கோலூன்றிப் பாய்தலில் 3 மீற்றர் பாய்பவன் 4 மீற்றரைத் தொட்டால் 260 புள்ளி கூடும். ஆனால் இங்கே அதிகம் கைவிடப்படுவது இந்த இரண்டும்தான். கோலூன்றிப் பாய மெத்தை இல்லை என்பது பாதிக் காரணமே. குறுக்குக் கம்பமில்லாமல், நீளம் பாயும் மணற்குழியில் கோலை ஊன்றி, ஆறு எட்டு வைத்து ஓடி, தொங்கிப் போய் மணலில் காலூன்றி இறங்கப் பழக்கலாம். பிடி தாழ்வாக இருக்கட்டும். உயரம் ஏறுவது மெத்தை கிடைத்த பிறகு.

சட்டவேலி ஓட்டத்தில் (தடை தாண்டி ஓடுவது) பிள்ளைகள் சறுக்குவது பல்கலைக்கழகம் போகும் வயதில். சர்வதேச விதிப்படி வேலியின் உயரம் 20 வயதுக்குட்பட்டோருக்கு 99.1 சென்ரிமீற்றர், அதற்கு மேல் 106.7. குண்டும் 6 கிலோவிலிருந்து 7.26 கிலோவாகிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் முதல் வருட மாணவரைச் சேர்க்கும்போதே பெரிய உயரத்தில் பழக்கத் தொடங்கவேண்டும்.

நீளம் பாய்தலில் மூன்றே வாய்ப்பு. மூன்றும் பிழைத்தால் பூச்சியம். 2018இல் பேர்லினில் பிரெஞ்சு டெகத்லன் வீரர் கெவின் மேயருக்கு நடந்தது அதுதான். அடுத்த மாதமே அவர் 9126 எடுத்து உலக சாதனை படைத்தார் என்பது வேறு விடயம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று முதுகில் பட்டால் எட்டு நீண்டு, கால் பலகையைத் தாண்டிவிடும். ஆகவே முதற் பாய்ச்சலுக்கு ஓட்டக் குறியை ஓரடி பின்னே தள்ளி வையுங்கள்.

மெய்வல்லுநர் பயிற்றுநர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.