இப்போது என்ன கேட்கிறீர்கள்? – செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மாதம் தவறாமல் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் தொடங்கி 2025 மார்ச் முடிய நமது இசை கேட்கும் வட்டத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கடைசி ஞாயிறுதோறும் கூடும் வழக்கப்படி 11 கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. அக்டோபரில் தீபாவளிக் கூட்டத்தில் கும்பகோணம் கடைத்தெருவைத் தாண்டி வர முடிந்தவர்கள் ஒன்பது பேர்தான். ஆண்டுத் தொடக்கத்தில் 26 பேராக இருந்தோம், இன்று 31 பேர்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நமது விதியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஓர் ஆல்பம் கொண்டுவருவார். அதில் ஒரு பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்போம். நடுவில் நிறுத்தக் கூடாது, தாண்டக் கூடாது, பேசக் கூடாது. பக்கம் முடிந்த பிறகுதான் கொண்டுவந்தவர் வாய் திறக்கலாம், அதுவும் ஐந்து நிமிடம். எல்.பி. எனும் பெரிய இசைத்தட்டு என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம். தொண்ணூறு நிமிட கேசட் என்றால் 45 நிமிடம். போனில் கொண்டுவருபவர்கள் எங்கே பக்கம் முடிகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆண்டு இதில் ஒன்றைச் சேர்த்தோம். சென்ற ஏப்ரல் பொதுக்குழுவில், மொபைல் கடையில் வேலை பார்க்கும் நமது தம்பி எழுந்து, "பிடிச்சது என்னன்னு எல்லாரும் சொல்றோம். இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கோம்னு யாருமே சொல்றதில்லையே" என்றார். உண்மைதான். பிடித்தது எது என்று கேட்டால், நாலு பேர் மெச்சும் ஒன்றைத்தான் எடுத்து வருகிறோம். இரண்டு ஆண்டுகளாக ஒரே பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகள்தான் சுற்றி வந்துகொண்டிருந்தன. அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் "இப்போது கேட்பது" என்று ஒரு கட்டம் போட்டோம்.

அந்தப் பதிவேட்டை நேற்று இரவு முழுவதுமாகப் புரட்டினேன். நமது வட்டத்தின் சொத்து என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனைத் தவிர வேறு யாரையும் ஒப்புக்கொள்ளாத நம் பெரியவர், மூன்று மாதம் தொடர்ந்து "பேரனோடு, என்ஜாய் என்ஜாமி" என்று எழுதியிருக்கிறார். இன்னோர் உறுப்பினர் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை நான்கு மாதமும் "ஒன்றும் கேட்கவில்லை" என்றே எழுதியிருந்தார். ஜூலையில் அதைக் கவனித்து மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி குடித்தோம், ஊர்க்கதை பேசினோம், பாட்டைப் பற்றி நாங்களாக எதுவும் கேட்கவில்லை. ஆகஸ்டில் அவர் கட்டத்தில் "காருகுறிச்சி" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது, நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம்தான்.

ஜூலைக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவி ஒருவர், கப்பலில் வேலை பார்த்த தன் பெரியப்பாவின் பெட்டியிலிருந்து அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எல்.பி.யைக் கொண்டுவந்தார். 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. ஜாஸ் நமக்கு எட்டுமா என்று பலருக்கும் தயக்கம். முதல் பாட்டில் பேஸ் வாத்தியம் கேள்வி கேட்பதுபோல் எழுப்ப, மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும் இடத்தில், நமது நாகஸ்வரக்காரர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கம் முடிந்ததும் அவர் சொன்னது: "கரகரப்ரியா சுரம்தாங்க இது. அதுலயே நின்னு விரிக்கிறாங்க. நடுவுல அரை சுரம் மேலே தள்ளி அதையே வாசிச்சிட்டு மறுபடி கீழ இறங்கிடறாங்க." அவர் சொன்னது முற்றிலும் சரி. மேற்கத்தியர் டோரியன் என்று சொல்லும் சுர வரிசையின் சுரங்கள் நம் கரகரப்ரியா ராகத்தின் சுரங்களே.

ஆனால் அவருக்கு வேறொரு உறுத்தல். பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்து வைத்து, "சுருதி ஏறியிருக்கு" என்றார். அந்த மாணவி போனில் அதே பாட்டை ஓடவிட்டார். இசைத்தட்டில் இருப்பதைவிட போனில் சுருதி சற்றுத் தாழ்ந்துதான் இருந்தது. பிளேயரின் பெல்ட்டைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் போட்டால், போனும் தட்டும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. பெல்ட்டில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் அல்லவா ஏற வேண்டும்? வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மார்ச் 2ஆம் தேதி பதிவின்போது நாடா இயந்திரம் சற்று மெதுவாகச் சுழன்றிருக்கிறது. சரியான வேகத்தில் அதை ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அன்று பதிவானவை. இரண்டாம் பக்கம் ஏப்ரலில் பதிவானது, அதில் பிழை இல்லை. 1990களில் வந்த மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க ஏறிய சுருதியிலேயே ஓடிய ஒரு பக்கத்தை, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் வாசிக்கும் ஒரு காது ஒரே மாலையில் பிடித்துவிட்டது. அண்ணனுக்கு வட்டத்தின் சார்பில் இந்தப் பொதுக்குழுவில் பாராட்டைப் பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 29 மார்கழி ஞாயிறு. அன்று எம்.எஸ். அம்மாவின் 'வேங்கடேச சுப்ரபாதம்' கேட்பது என்று முடிவு. பள்ளியெழுச்சியை மாலை ஐந்து மணிக்குப் போடலாமா என்று தலைவர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கே கூடினோம். பனியில் மொட்டைமாடியில் 22 பேர், தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு. 1963இல் வெளிவந்த இசைத்தட்டு அது. உடன் பாடுபவர் ராதா விஸ்வநாதன். டீக்கடையிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் தினமும் காதில் விழுவதால், உட்கார்ந்து கேட்டதே இல்லை என்பதை அன்றைக்கு உணர்ந்தோம். இரண்டு குரல்களும் எங்கே சேர்ந்து மூச்சு வாங்குகின்றன என்பது தெரிந்தது.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், டிசம்பர் 15ஆம் தேதி, தபலா மேதை ஜாகிர் உசேன் காலமானார். ஜனவரிக் கூட்டத்தை அவருக்கென்றே ஒதுக்கினோம். 1975இல் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த, அவர் இருந்த 'சக்தி' இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு. ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். முதல் பக்கத்தின் முதல் உருப்படியே பதினெட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. தபலாவும் கடமும் கேள்வி பதிலாக நெருங்கி வரும் இடத்தில் எது எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. ஆட்டோ ஓட்டும் நமது உறுப்பினர், 'சக்தி' 2023இல் வெளியிட்டு மறு ஆண்டு கிராமி விருது வாங்கிய 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தைத்தான் அந்த மாதம் முழுவதும் வண்டியில் கேட்டிருக்கிறார். அதில் கஞ்சிராவும் கடமும் வாசிப்பது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். "அப்பா உக்காந்த இடத்துல மகன் உக்காந்திருக்காரு, பக்கத்துல ஜாகிர் மட்டும் அதே ஜாகிர்" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் இந்த ஆண்டின் ஒரே வாக்குவாதம் நடந்தது. நல்ல வாக்குவாதம். ஜனவரி 9ஆம் தேதி பாடகர் பி. ஜெயச்சந்திரன் மறைந்தார். ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நமது அக்கா, அவர் நினைவாக ஒரு கேசட் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனியும் வெளியிட்டதல்ல. 1987இல் தன் முதல் சம்பளத்தில், ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த டி.டி.கே. தொண்ணூறு நிமிட கேசட். உள்ளே அட்டையில் சிவப்பு மையில் படத்தின் பெயர், பச்சை மையில் பாட்டின் முதல் வரி, அக்காவின் கையெழுத்து. அழித்துப் பதிய முடியாதபடி மேலே இருக்கும் இரண்டு பல்லையும் அன்றைக்கே உடைத்துவிட்டிருக்கிறார்.

காவிரிக்கரை ஈரத்தில் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ரேடியோ மெக்கானிக் அண்ணன் கூட்டத்துக்கு முன்தினமே அதை வாங்கிப்போய், ஐந்து திருகாணியையும் கழற்றி, நாடாவைப் பஞ்சால் துடைத்து, வேறொரு கூட்டுக்குள் சுருளை மாற்றி வைத்துக் கொடுத்தார். தளர்ந்த இடத்தைப் பென்சில் விட்டுச் சுற்றி இறுக்கினோம். பாதிப் பேருக்கு அந்தக் கை பழக்கம் இன்னும் மறக்கவில்லை.

போடுவதற்கு முன்பே நமது மூத்த உறுப்பினர் எழுந்துவிட்டார். கம்பெனி வெளியிட்டதுதான் ஆல்பம், இது பாட்டுத் தொகுப்பு, விதிப்படி சேராது என்றார். அக்கா பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்காகப் பேசியது நான்தான் என்பதால் என் தரப்பை இங்கே எழுத்தில் வைக்கிறேன். ஆல்பம் என்ற சொல் முதலில் குறித்தது அட்டைப் புத்தகத்தைத்தான். ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடிய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் சிலவற்றை, போட்டோ ஆல்பம்போலத் தைத்த உறைகளில் அடுக்கி விற்றார்கள். அடுக்கியதால் ஆல்பம். நம்மூரிலோ ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் என்று எத்தனையோ எல்.பி.யும் கேசட்டும் வந்தன. அவற்றை ஆல்பம் என்று ஏற்றுக்கொண்டோம். ஆசையாகக் காத்திருந்து, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கொடுத்தது ஆல்பம் ஆகாது என்றால் நமது விதியில்தான் குறை. வாக்கெடுப்பில் 17 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. எதிர்த்த மூத்தவரே எழுந்து போய் பிளேயரின் பொத்தானை அழுத்தினார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

முதல் பக்கம் 45 நிமிடம். 'கிழக்கே போகும் ரயில்', 'கடல் மீன்கள்', 'வைதேகி காத்திருந்தாள்' என்று வரிசை. கடைக்காரர் எல்.பி.யிலிருந்து பதிந்ததால் பாட்டுக்குப் பாட்டு நடுவே ஊசி இறங்கும் 'டொக்' சத்தமும் கீறலின் பொரிச்சலும் அப்படியே இருக்கின்றன. கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் நின்றது. நாடா தீர்ந்துவிட்டது. அக்கா அப்போதுதான் பேசினார். "டிவியில இந்தப் பாட்டு முழுசா வரும். இந்த இடத்துக்கு அப்புறம் வர்றது எனக்கு வேற பாட்டு மாதிரி இருக்கும்." ஐந்து நிமிடம் தருவது விதி, அவருக்கு அந்த இரண்டு வாக்கியமே போதுமாக இருந்தது.

மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அதையொட்டி மார்ச் 30 கூட்டத்தில் 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' கேட்டோம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை ஜே.எஸ். பாக் அவர்களுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வயலின் வி.எஸ். நரசிம்மன். தியாகராஜரின் சமாதி இருக்கும் திருவையாறு இங்கிருந்து ஒரு பஸ் தூரம் என்பதால் நமக்கு இது அயல்வீட்டுச் செய்தி. ஏழு பேரிடம் இந்த கேசட் இருந்தது, ஏழையும் மேசையில் அடுக்கினோம். மற்ற மாதங்களின் விவரம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் வட்டத்தின் ரெக்கார்டு பிளேயரை வெளியூரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஊசி வளைந்திருந்தது. அதைக் கவனிக்காமல் போட்டதில் உறுப்பினர் ஒருவரின் தந்தை வாங்கி வைத்திருந்த இரண்டு தட்டுகள் கீறிப்போயின. போடும் முன் ஊசியைப் பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அவர் பெரிய மனதோடு விட்டுவிட்டார், எனக்கு இன்னும் ஆறவில்லை. புது ஊசி 1,850 ரூபாய்க்கு வாங்கினோம். இனி யார் தட்டு போட்டாலும் முதலில் வட்டத்தின் பழைய தட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகே போடப்படும். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதச் சந்தா 50 ரூபாயை உயர்த்தும் எண்ணம் இல்லை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு வேண்டுகோள்கள். இந்தப் போகியன்று நமது தெருவில் எரிக்கப் போட்டிருந்த இரண்டு அட்டைப்பெட்டி கேசட்டுகளை மெக்கானிக் அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். அவற்றில் பாதிக்கு மேல் அட்டையில் கையால் பாட்டுப் பட்டியல் எழுதியவை. யார் எழுதியது என்று தெரியாது. அவற்றைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றவும், பாட்டு வரிசையை மாற்றாமல் பக்கம் பக்கமாகவே வைக்கவும், அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டும். அடுத்து, உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை யாரும் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் 27, ஞாயிறு மாலை ஐந்து மணி. மொபைல் கடைத் தம்பியின் முறை. என்ன ஆல்பம் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த மாதக் கட்டத்தில் "முடிவு செய்யல, கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று எழுதியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்
கும்பகோணம்