கல்லுக்கு அடியில் வைக்கிற தகடு

அன்பு மகளுக்கு,

நாடகத்தில் நாயகி ஆன்டிகனி வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது, உனக்கு அவள் தங்கை இஸ்மேனிதான் என்று போனில் சொன்னபோது உன் குரலே இறங்கிவிட்டது. "ரெண்டே காட்சிதாம்ப்பா" என்றாய். நீ அனுப்பிய தமிழ்ப் பிரதியைப் பட்டறையில் உட்கார்ந்தே இரண்டு தடவை படித்தேன். போனில் சொன்னால் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட துணைப் பாத்திரத்தை ஆங்கிலத்தில் 'ஃபாயில்' என்பார்கள் என்றாயே, அந்தச் சொல்லே எங்கள் நகைத் தொழிலிலிருந்து போனதுதான். கல் பதிக்கும்போது அடியில் வைக்கிற மெல்லிய தகடு அது. உன் கெம்புக்கல் ஜிமிக்கியை எடுத்துப் பார். பின்பக்கம் மூடியிருப்பதால் வெளிச்சம் முன்னாலிருந்துதான் வர வேண்டும், அதைத் திருப்பி அனுப்புவது தகடு. ஈரம் இறங்கித் தகடு கறுத்துவிட்டால் எவ்வளவு நல்ல கல்லும் செத்துப்போகும். நகையைக் கொண்டுவருகிறவர்கள் கல்லைத்தான் குறை சொல்வார்கள். நான் கல்லை எடுத்து, தகட்டை மாற்றி, அதே கல்லைத் திரும்பப் பதித்துக் கொடுப்பேன்.

கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ் கி.மு. 441 வாக்கில் எழுதிய நாடகம். ஒருவரையொருவர் கொன்றுகொண்ட இரண்டு அண்ணன்மாரில் பாலிநீசஸை மட்டும் அடக்கம் செய்யக்கூடாது, மீறினால் கல்லெறிந்து கொல்வேன் என்று அரசன் கிரியோன் ஆணை போட்டிருக்கிறான். விடியும் முன் அரண்மனை வாசலில் அக்காவும் தங்கையும் நிற்கிறார்கள். அண்ணனை அடக்கம் செய்ய நீயும் வா என்று கூப்பிடுகிறாள் ஆன்டிகனி. நாம் பெண்கள், ஆண்களோடு மோத நமக்குப் பலமில்லை, செத்தவர்கள் என்னை மன்னிப்பார்கள் என்கிறாள் இஸ்மேனி. அதில் எது தப்பு? அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள் எல்லாரையும் இழந்த பெண், மிச்சமிருக்கிற ஒருத்தியையும் இழக்கப் பயப்படுகிறாள். சரி, யாரிடமும் சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஊரெல்லாம் போய்ச் சொல் என்று எரிந்து விழுகிறாள் ஆன்டிகனி. அக்காவின் சூடு எவ்வளவு என்று நமக்கு அங்கேதான் தெரிகிறது. தங்கை அழுமூஞ்சியாக இருந்தால் அந்தச் சூடு வெறும் பிடிவாதமாகத்தான் படும். ஆகவே அந்தப் பயத்தை அரைகுறையாக நடிக்காதே அம்மா. அவள் சொல்வதுதான் நியாயம் என்று பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷமாவது நினைக்க வேண்டும்.

இரண்டாவது காட்சி இன்னும் பெரிது. ஏதென்ஸில் மூன்றே நடிகர்கள் முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரமும் நடித்தார்கள் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் கிரியோன், ஆன்டிகனி, இஸ்மேனி மூவரும் சேர்ந்து பேசுகிற இந்தக் காட்சிக்கு சோபோக்ளிஸ் தன் கையிலிருந்த மூவரையும் இறக்கிவிட்டார். அண்ணனை அடக்கம் செய்ததற்காக ஆன்டிகனி பிடிபட்டு நிற்கிறாள். நானும் சேர்ந்துதான் செய்தேன், என்னையும் கொல்லுங்கள் என்கிறாள் இஸ்மேனி. நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன் என்று அக்கா தள்ளிவிடுகிறாள். அப்போதும் தங்கை அவளை விடவில்லை. உங்கள் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையே கொல்வீர்களா என்று கிரியோனைக் கேட்கிறாள். அந்த மகன் ஹீமோனைப் பற்றிய பேச்சே அவள் வாயிலிருந்துதான் முதலில் வருகிறது. பின்னால் அந்த வீட்டில் விழப்போகிற சாவுகளுக்கு நூல் பிடித்துக் கொடுப்பது அந்த ஒரு கேள்வி.

அப்புறம் அவள் உள்ளே போகிறாள், திரும்பி வருவதே இல்லை. உயிரோடு கல்லறையில் அடைக்கப்படப் போகிற ஆன்டிகனி, அரச குடும்பத்தில் மிஞ்சியது நான் ஒருத்திதான் என்கிறாள். தங்கை உயிரோடு இருக்கிறாள்! அந்த வரியில் எனக்குப் படிப்பு நின்றுபோனது. பிரதியை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாடகத்துக்கு அம்மாவும் நானும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியாக உள்ளே போகும்போது இஸ்மேனி அக்காவைத் திரும்பிப் பார்ப்பாளா? பிரதியில் ஒன்றும் இல்லை. நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா