‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது. வாங்கும்போது மட்டும் ‘எத்தனை டிபி?’ என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. எந்தெந்தக் கருவியில் செருகப்போகிறோம் என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது.

ஃபார்மட் என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையை அமைப்பது. விண்டோஸ் கணினியில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் என்ற முறை. மேக் கணினி அதைப் படிக்கும், எழுத விடாது. இரண்டிலும் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபாட். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எக்ஸ்ஃபாட் சுலபமாகக் கெட்டுப்போகும். மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டு, இதற்குக் கிடையாது. ஃபாட்32 என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது, கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும். டிவியில் செருகுவதாக இருந்தால், பழைய டிவிகள் பல எக்ஸ்ஃபாட்டைக் கண்டுகொள்வதில்லை என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும்.

வீட்டுக்கு இரண்டரை அங்குல டிஸ்க் போதும். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மூன்றரை அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் அது சரிப்படாது. ‘16 டிபி’ என்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் வருபவை போலி. உள்ளே சிறு மெமரி கார்டுதான் இருக்கும். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காணாமல் போகும். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவது ஏமாற்று அல்ல. நிறுவனம் ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

ஃபார்மட் செய்யும்முன் மற்ற பென் டிரைவ்களைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, கொள்ளளவை வைத்துப் புது டிஸ்க்கை அடையாளம் காணவும். டிஸ்க்கின் பகுதிகளைப் பட்டியலிடும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்டால் ஜிபிடி. எம்பிஆரில் 2 டிபிக்கு மேலுள்ள இடம் வீண். பிறகு வலது க்ளிக், ‘நியூ சிம்பிள் வால்யூம்’. ‘அலொகேஷன் யூனிட் சைஸ்’ என்ற அலகு அளவை ‘டீஃபால்ட்’ என்றே விடலாம். முதல் முறை மட்டும் ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். 1 டிபிக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். ஆனால் தகவல் பதியும் தட்டு முழுவதும் சோதிக்கப்படும். பழுது தெரிந்தால் வாரண்டியில் மாற்றிக்கொள்ளலாம்.

பலர் ஏமாறும் இடம் இதற்குப் பிறகுதான். நேற்றுவரை ஓடிய டிஸ்க்கைச் செருகியதும் ‘பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வரும். ‘இனிஷியலைஸ்’ (புது டிஸ்க்காகத் தயார்செய்யவா) என்றும் கேட்கலாம். அது கட்டளை அல்ல. விண்டோஸுக்கு டிஸ்க்கைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘கேன்சல்’ அழுத்திவிட்டு, குட்டையான வேறு கேபிளில், டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டில் மின்சாரம் போதாமலும் இப்படி ஆகும். மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றாலும் இதே பெட்டி வரலாம். கேபிளும் போர்ட்டும் மாற்றிய பிறகும் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடவும். ஓட ஓட, தகவலைப் படிக்கும் தலை தட்டைக் கீறும். தவறிப்போய் குயிக் ஃபார்மட் ஆகியிருந்தாலும் தகவல் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், அதன்மேல் எதையும் எழுதாதவரை. முழு ஃபார்மட் என்றால் எல்லாம் பூஜ்ஜியம். யாராலும் மீட்க முடியாது.

ஒரே டிஸ்க்கில் மட்டும் இருக்கும் படத்துக்கு உத்தரவாதம் கிடையாது, இரண்டாவது பிரதி கட்டாயம் வேண்டும்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிஸ்க் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அந்தப் பெட்டி வந்தால் எதை அழுத்தக் கூடாது என்ற இரண்டையும் தமிழில் ஒரு துண்டுச்சீட்டாக அச்சிட்டு, பில்லோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
திருச்சி