நைனீவின் சடைக்காக ஒரு வழக்கு

அன்புள்ள செழியா,

கோத்தகிரியிலிருந்து அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போனிலேயே பதில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு உன் கட்சியிலேயே நிற்பாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார்.

'வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயாஜால நாவல் வரிசையை ஒலிப்புத்தகமாக முதல் புத்தகத்திலிருந்து நாம் இருவரும் சேர்ந்து கேட்கலாம், ஆனால் ரோசமண்ட் பைக் வாசித்த புதுப் பதிவில்தான் கேட்க வேண்டும் என்கிறாய். நீ அனுப்பியதைக் கொஞ்சம் கேட்டேன். அந்தம்மா நன்றாகத்தான் வாசிக்கிறார். தொலைக்காட்சித் தொடரில் மந்திரக்காரி மொய்ரேனாக நடித்தவர் ஆயிற்றே, மொய்ரேன் வாயைத் திறந்தாலே கூட்டம் அடங்குகிறது. சத்திரத்துக்காரருக்கு ஒரு பேச்சு, ஆட்டிடையனுக்கு ஒரு பேச்சு என்று பிரித்துக் காட்டுகிறார். எல்லாம் சரி. ஆனாலும் பழைய பதிவில் வாசித்த மைக்கேல் கிராமரையும் கேட் ரீடிங்கையும் விட்டுவிட்டு நான் வருவதாக இல்லை.

அவர்கள் இருவரும் நிஜத்திலும் கணவன் மனைவி என்பது உனக்குத் தெரியும். ஆண் பாத்திரத்தின் பார்வையில் நகரும் பகுதியைக் கிராமர் வாசிப்பார், பெண் பாத்திரத்தின் பார்வை என்றால் ரீடிங். ஆளுக்குப் பாதி வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் விஷயம் பிடிபட்டது. இந்த ஏற்பாட்டில் கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு குரல் கிடைத்துவிடுகிறது. தன் பகுதியில் ஒரு குரல், எதிர்ப்பாலாரின் பகுதியில் இன்னொரு குரல்.

கிராமத்து வைத்தியக்காரி நைனீவை எடுத்துக்கொள். அதே ஊர்ப் பையன்கள் ராண்ட், மாட், பெர்ரின் இவர்களின் கண் வழியே அவள் வரும்போது கிராமர் அவளை எப்படிப் பேசவைக்கிறார்? கையில் பிரம்பில்லாத தலைமையாசிரியை. அதட்டல், முறைப்பு, கோபம் வந்தால் சடையைப் பிடித்து ஒரு இழுப்பு. அந்தப் பையன்களுக்கு அவள் அவ்வளவுதான். அதே நைனீவ் ரீடிங்கின் பகுதிக்கு வரட்டும். வயசுக்கு மீறிய பதவியில் உட்கார்ந்துவிட்டு, நம் பேச்சை இவர்கள் கேட்பார்களா என்று உள்ளுக்குள் உதறுகிற சின்னப் பெண் அவள். மொகேடியன் என்ற வில்லியிடம் சிக்கி அவமானப்பட்ட பிறகு அவள் படும் நடுக்கத்தை ரீடிங் வாசித்தபோது நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தோலைக் கிண்ணத்திலும் பட்டாணியைக் குப்பையிலுமாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். உன் அப்பா பார்த்துவிட்டுத்தான் சொன்னார். (அவர் கதையே கேட்பதில்லை. கூடத்திலிருந்து, "அந்தப் பொண்ணு இன்னும் சடையை இழுத்துட்டுதான் இருக்கா?" என்று மட்டும் அவ்வப்போது விசாரிப்பார்.)

அந்தக் கதையே இதைப் பற்றியதுதானே. அதில் மந்திர சக்தி ஆணுக்கு ஒரு பாதி, பெண்ணுக்கு ஒரு பாதி. ஒரு பாதிக்காரருக்கு மற்றப் பாதி விளங்காது, ஒருவரை ஒருவர் தப்பாகவே எடைபோடுவார்கள். ராண்டுக்குப் பெண்கள் விஷயம் பெர்ரினுக்குத்தான் தெரியும் என்று நினைப்பு, பெர்ரினுக்கு ராண்டுக்குத்தான் தெரியும் என்று நினைப்பு. இப்படி எழுதிய கதையை இரண்டு பேர் வாசித்தால்தான் அந்தத் தப்புக்கணக்கு காதில் விழும். ஒரே ஆள் எத்தனை குரல் மாற்றினாலும் கடைசியில் எல்லாரையும் பார்ப்பது ஒரு ஜோடிக் கண்தானே. ராய் டோட்ரிஸ் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புத்தகத்தில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துக் கின்னஸில் ஏறினார் என்று நீதான் சொன்னாய். பெரிய வித்தைதான், கும்பிடு போடுகிறேன். எனக்கு வேண்டியது எண்ணிக்கை இல்லையடா.

பெயர்களை அவர்கள் இருவரும் ஒரே மாதிரி உச்சரிப்பதில்லை, புத்தகத்துக்குப் புத்தகம்கூட மாறுகிறது என்று நீயும் உன் நண்பர்களும் குறை சொல்வது நியாயம்தான். எனக்கும் உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது.

குரல் விஷயத்தில் எனக்கு இந்தப் பிடிவாதம் உன் தாத்தாவிடமிருந்து வந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நுவரெலியா பக்கமிருந்து புறப்பட்டு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு டிரான்சிஸ்டர், அப்புறம் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றிய அசைக்க முடியாத அபிப்பிராயங்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாலையானால் இதே வழக்குதான். கே.எஸ்.ராஜா என்றால் பக்கத்து வீட்டு மாமாவுக்கு உயிர். அந்த வேகம், அந்தத் துள்ளல். தாத்தாவோ அப்துல் ஹமீது கட்சி. "ஒவ்வொரு சொல்லையும் முழுசா உச்சரிக்கிறார் பார்" என்பார். நீயும் உன் நண்பர்களும் ஹாரி பாட்டரை வாசித்தவர்களில் ஸ்டீபன் ஃப்ரையா, ஜிம் டேலா என்று அடித்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராபர்ட் ஜோர்டான் 1990இல் வெளியிடத் தொடங்கிய கதை, முடிவதற்குள் 2007இல் மனிதர் போய்விட்டார். அவருக்கு மனைவியாகவும் பதிப்பாசிரியராகவும் இருந்தவர் ஹாரியட். அவர்தான், ஜோர்டானுக்கு அஞ்சலி எழுதியிருந்த பிராண்டன் சாண்டர்சனைத் தேடிப் பிடித்து மிச்சத்தை எழுதவைத்தார். ஒரு புத்தகம் என்று நினைத்தது மூன்றாகி 2013இல் முடிந்தது. பன்னிரண்டாவதிலிருந்து நடை மாறுவது எனக்கே தெரிந்தது. வாக்கியம் குட்டையாகிறது, மாட் அடிக்கும் நகைச்சுவை வேறு ஆளுடையதுபோல் இருக்கிறது. ஆனால் குரல் மாறவில்லை. அதே கிராமர், அதே ரீடிங். பெரியவர் போன வீட்டில் சமையல் அதே கையில் தொடர்வதுபோல் இருந்தது எனக்கு. முடிவுக் காட்சியை ஜோர்டானே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டேன். அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நீ அங்கே இன்னும் போகவில்லை. உண்மையைச் சொல்லு, பத்தாவது புத்தகத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறாய், அதனால்தானே முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறாய்? பத்தாவது நகராது என்பது ஊருக்கே தெரியும். ஒன்பதாவதின் கடைசியில் அவ்வளவு பெரிய காரியம் நடந்துவிட்டு, பத்தாவதில் ஆளாளுக்கு நின்று "அங்கே என்ன வெளிச்சம்?" என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உன் ரோசமண்ட் பைக் வாசித்திருப்பது முதல் சில புத்தகங்களைத்தான். எப்படிச் சுற்றினாலும் மறுபடி என் ஆட்களிடம்தான் வந்து சேருவாய்.

அதனால் நான் சொல்வதைக் கேள். முதலிலிருந்து வேண்டாம். பத்தாவதில் நீ நிறுத்திய இடத்திலிருந்து உன்னோடு நானும் மறுபடி கேட்கிறேன். மாட், துவோன் என்ற இளவரசியை இழுத்துக்கொண்டு சர்க்கஸ்காரர்களோடு திரிகிறானே, கடத்தி வந்த பெண்ணுக்கே மாப்பிள்ளையாகப் போகிறோம் என்று தெரிந்து முழிக்கிற அந்தப் பகுதிகளைக் கிராமர் வாசிப்பதற்காகவே அந்தப் புத்தகத்தைத் தாண்டலாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடாதே. பதினாலு புத்தகமும் சேர்ந்து நானூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் ஆகட்டுமே. அவர் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் மூச்சு இழுப்பதில்தான் மாட் பொய் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். வேகத்தைக் கூட்டினால் அந்த மூச்சுதான் முதலில் காணாமல் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம். டப்ளினில் உனக்கு விடியும்போது இங்கே சாப்பாட்டு வேலை முடிந்திருக்கும். வாரத்துக்கு மூன்று அத்தியாயம், அப்புறம் போனில் சண்டை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, கரண்ட் போனால் போனும் சேர்ந்து படுத்துவிடும். அன்றைக்கு நீ மட்டும் முன்னால் ஓடக் கூடாது. போன மாதம் நீ சொன்ன அந்த சார்ஜ் ஏற்றுகிற டப்பாவை வாங்கி அனுப்பு.

அன்புடன்,
அம்மா