பள்ளிக்கு வரும் வழியில் இயற்பியல்: 9, 10, 11ஆம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் ‘இயக்க விதிகள்’. நிலைமம் (ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கவும், நிற்பது நின்றுகொண்டே இருக்கவும் பார்க்கும் பண்பு) என்றால் என்ன என்று கேட்டால் உங்கள் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அன்று மாலையே ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தும் இறங்குவார். பாடத்துக்கும் பாதைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்க, வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஒரு சைக்கிள் செய்முறை வைத்திருக்கிறோம். அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். வீட்டில் கொஞ்சம் ஒத்துழைப்பும் வேண்டும்.

முதலில் செய்முறை. மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போடுவோம். மாணவர் முதல் கோட்டுக்கு முன்பே வேகம் எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரே சீராக ஓட்டி, இரண்டாவது கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். 10 மீட்டரைக் கடக்க 3.6 விநாடி ஆனால் வேகம் மணிக்கு 10 கி.மீ.; 1.8 விநாடி ஆனால் 20 கி.மீ. கோட்டிலிருந்து முன்சக்கரம் நின்ற இடம் வரை டேப் வைத்து அளப்போம். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரமும் இரு மடங்காகும் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். டேப் ஏறக்குறைய நான்கு மடங்கு காட்டும். இயக்க ஆற்றல் ½mv² (m நிறை, v வேகம்). வேகத்தின் இருமடி (வர்க்கம்) என்று தேர்வில் சரியாக எழுதும் அந்த ‘2’ தரையில் எத்தனை மீட்டர் நீளம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

கணக்கு பிசகும் இடங்களும் உண்டு, அவற்றையும் மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டாப்வாட்சை அழுத்தும் கட்டைவிரல் 0.2 விநாடி தாமதித்தால், 1.8 விநாடியில் அது பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. வேகத்தை இருமடியாக்கும்போது அந்தப் பிழையும் இருபதைத் தாண்டிவிடும். அதனால் ஒவ்வொரு வேகத்துக்கும் மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுப்போம். கோடு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவதால் சிலர் கோட்டுக்கு முன்பே பிரேக்கைத் தொட்டுவிடுவார்கள். அவர்களுக்கு விசில். எப்போது ஊதும் என்று தெரியாத விசிலுக்கு நிறுத்தச் சொன்னால், நிற்கும் தூரம் சட்டென்று கூடும். அந்தக் கூடுதல் தூரம் பிரேக் செய்த வேலை இல்லை. மூளையும் கையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரம்.

அந்த நேரத்தை வீட்டிலேயே அளக்கலாம். 30 செ.மீ. ஸ்கேலை நீங்கள் மேல்முனையில் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை கீழே சுழிக் குறிக்கு நேராக விரல்களைத் திறந்து வைத்திருக்கட்டும். சொல்லாமல் விடுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் 0.2 விநாடி. இவ்வளவு வேகமா என்று பெருமைப்பட வேண்டாம். விரல் தயாராக, கண் ஸ்கேலையே பார்த்திருக்க வந்த கணக்கு அது. ரோட்டில் நாய் குறுக்கே வருவதைப் பார்த்து, அது என்ன செய்யும் என்று முடிவெடுத்து, கையைப் பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடியாவது ஆகும். போன் பேசிக்கொண்டு ஓட்டினால் இன்னும் கூடும்.

இனி ஸ்கூட்டருக்கு வருவோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். (கி.மீ. கணக்கை 3.6 ஆல் வகுத்தால் மீட்டர் கணக்கு.) காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், உணர்ந்து பிரேக் பிடிக்கும் அந்த ஒரு விநாடியில் 10 மீட்டர், பிடித்தபின் நிற்க இன்னொரு 10 மீட்டர், ஆக 20. மணிக்கு 54 கி.மீ.யில் அதே ஆள், அதே வண்டி: 15 மீட்டரும் 22.5 மீட்டரும் சேர்ந்து 37.5. மழையில் பிடிமானம் பாதியானால் 60 மீட்டர்.

இதைவிட ஒரு கணக்கு என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. முதல் வண்டி 20 மீட்டரில் முழுதாக நின்றுவிட்டது. 54இல் வந்த வண்டி அதே 20ஆவது மீட்டரில் என்ன வேகத்தில் இருக்கும்? பாதியாகவாவது குறைந்திருக்கும் என்று தோன்றும். 15 மீட்டர் உணர்வதிலேயே போய்விட்டது, பிரேக் வேலை செய்தது 5 மீட்டர்தான். v² = u² − 2as (u தொடக்க வேகம், a வேகம் குறையும் வீதம், s தூரம்) என்ற சூத்திரப்படி, v² = 225 − 2 × 5 × 5 = 175. அதாவது விநாடிக்கு 13.2 மீட்டர், மணிக்கு 47 கி.மீ.க்கு மேல். முதல் வண்டி தொடாமல் நின்ற ஆளை இரண்டாவது வண்டி 47இல் இடிக்கிறது. உயரக் கணக்கில் சொன்னால், 36 கி.மீ. வேகம் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், 54 கி.மீ. என்பது 11.5 மீட்டர், ஏறக்குறைய மூன்றாம் மாடி ஜன்னல்.

மூன்று பேர் ஒரு வண்டியில் வருவது பற்றி வகுப்பில் ஒரு நல்ல கேள்வி எழும். “எடை கூடினால் உராய்வும் கூடுமே, நிற்கும் தூரம் ஏன் கூட வேண்டும்?” டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே அது சரி. ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது பிரேக் லைனிங். அதை அழுத்துவது உங்கள் கைவிரல். மூன்றாவது ஆள் ஏறியதற்காக விரலுக்குப் பலம் கூடுவதில்லை. நிறுத்த வேண்டிய ஆற்றல் மட்டும் கூடுகிறது. அதோடு கடைசியில் உட்கார்ந்தவர் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து ஹேண்டில் ஆடும்.

ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்க வைத்து வரும் சின்னக் குழந்தை 15 கிலோ என்று வையுங்கள். 36 கி.மீ.யில் போகும் வண்டி மோதி 0.1 விநாடியில் நின்றால், அந்தக் குழந்தையை அதன் இடத்திலேயே வைத்திருக்க 1500 நியூட்டன் விசை வேண்டும். கிட்டத்தட்ட 150 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம். பின்னால் மடியில் வைத்திருந்தாலும் இதே கணக்குதான். எவ்வளவு பாசம் இருந்தாலும் கைக்கு அந்தப் பலம் வராது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வண்டி 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்.

ஹெல்மெட் என்றதும் வெளி ஓட்டைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி. அது இரண்டு மூன்று செ.மீ. நசுங்கி, தலை நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. வெறும் தலை தார் ரோட்டில் சில மி.மீ.யில் நின்றுவிடும். நிற்கும் தூரம் எட்டு மடங்கு கூடினால் தலையில் இறங்கும் சராசரி விசை எட்டில் ஒரு பங்கு. நசுங்கியது திரும்ப உப்பாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைப் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். தாடைப் பட்டையைப் பூட்டாமல் போட்டால் விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய்விடும். அப்பா போட்டு, பின்னால் பிள்ளை வெறுந்தலையோடு வருவதைத்தான் காலையில் கேட் அருகே அதிகம் பார்க்கிறோம்.

பஸ் படிக்கட்டு. நம் பஸ்ஸின் வாசல் இடப்பக்கம். பஸ் வலப்பக்கம் வளையும்போது படியில் நிற்பவரின் உடல் நேராகவே போகப் பார்க்கிறது. நேராக என்றால் வாசலுக்கு வெளியே. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், அதாவது 30 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில், 20 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால், முடுக்கம் (வேகமோ திசையோ மாறும் வீதம்) வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம், அதாவது 64 ÷ 20 = 3.2. பையோடு 52 கிலோ இருக்கும் மாணவரை உள்ளே வைத்திருக்க 166 நியூட்டன் வேண்டும். சுமார் 17 கிலோ மூட்டையைக் கம்பியைப் பிடித்த வியர்வைக் கை பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பது போல. முதுகில் பை இருந்தால் ஈர்ப்பு மையம் இன்னும் வெளியே தள்ளிப்போகும். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாதம் தரையில் நின்றுவிடும், மேலுடம்பு பஸ்ஸின் வேகத்திலேயே இருக்கும். பின்பக்கம் பார்த்து இறங்கினால் மல்லாந்து விழுவதற்கும், தலை தரையில் அடிபடுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். முன்வாசல் என்றால் பின்சக்கரம் அடுத்து வருகிறது. ஒரு பஸ் தவறிப் பள்ளிக்குத் தாமதமானால் நாங்கள் திட்டமாட்டோம். இதைப் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் பெற்றவர்களுக்கு: பையை ஹேண்டிலின் ஒரு பக்கம் மாட்ட வேண்டாம், ஒரு பக்கமே திருப்பும். கேரியரில் வைத்துக் கட்டுங்கள். சேலை, தாவணி, துப்பட்டா சக்கரத்துக்கு எட்டாமல் இருக்கட்டும். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மழையில் ரிம் நனைந்திருந்தால் முதல் சில சுற்றுக்கு ரப்பர் தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிக்காது. அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்து வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, சுற்றி வளைக்காமல். 18 வயதாகாத பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை பழகுநர் உரிமம்கூடக் கிடைக்காது. பள்ளிக்கு அருகே தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவதும் எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சைக்கிள் கொண்டுவருபவர்கள் முந்தைய நாளே காற்று அடித்து, இரண்டு பிரேக்கையும் சரிபார்த்து அனுப்புங்கள். ஷூ கட்டாயம், செருப்பு கூடாது. சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் அளப்பதும் குறிப்பதும் செய்வார்கள்; மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. கீழே உள்ள சீட்டை வெட்டி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

✂ - - - - - - - - - -

என் மகன் / மகள் ........................ வகுப்பு ........ சைக்கிள் செய்முறையில் கலந்துகொள்ள அனுமதிக்கிறேன்.
சைக்கிள் கொண்டுவருவார்: ஆம் / இல்லை
பள்ளிக்கு வருவது: நடந்து / சைக்கிள் / பஸ் / பெற்றோர் வண்டி
வீட்டு ஸ்கேல் சோதனையில் பிடித்த குறி: பிள்ளை ........ செ.மீ., பெற்றோர் ........ செ.மீ.
பெற்றோர் கையொப்பம்: ........................