சேதுவுக்கு, அடிவிரிப்பைப் பற்றி

அன்புள்ள சேதுவுக்கு,

நலம், வீட்டிலும் அனைவரும் நலம். உன் முந்தைய கடிதங்களுக்கு நான் பதில் எழுதாததற்காக நீ வைத வசவுகளை வாத்தியார் ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டார், அவற்றுள் பாதி நியாயமானவை. இம்முறை கடிதம் கைக்கு வந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன் என்றால் அதற்கு நீ கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரியே காரணம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கூரைத் தார்ப்பாய்க்குப் பொருத்தமாக அதே அளவில் தடித்த அடிவிரிப்பு ஒன்றையும் வாங்கிவிட்டதாகச் சொல்லி, "மேலே எவ்வளவோ, கீழேயும் அவ்வளவு" என்று எழுதி, அதற்கு அடிக்கோடு வேறு இட்டிருக்கிறாய். மழைக்காலப் பயணத்தில் அந்தத் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டி, அதனடியில் அந்த விரிப்பின் மேல் உன்னோடு படுக்கப்போகிறவன் நான் என்பதால், இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு வகுப்பில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் நீ என்பதால் இந்தக் கணக்கையும் நானே போட்டுத் தருகிறேன். கூரையை நடுவில் கயிற்றின் மேல் போட்டு இருபுறமும் இறக்கி, ஓரங்களைத் தரையோடு முளையடிக்கும்போது, ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சரிவாகிறது. குனிவதற்கு உனக்குச் சோம்பல் என்பதால் கயிற்றை 1.2 மீட்டர் உயரத்தில்தான் கட்டுவாய். அப்படியானால் நடுவிலிருந்து ஓரம் வரை தரையில் கிடைப்பது வெறும் 0.9 மீட்டர், இருபுறமும் சேர்த்து 1.8 மீட்டர். கயிற்றை 0.9 மீட்டருக்குத் தாழ்த்தினால் 2.4 மீட்டர் கிடைக்கும். துணியை மடித்துச் சாய்த்த பிறகு மூன்று மீட்டர் என்பது எந்த உயரத்திலும் மூன்று மீட்டராக இருப்பதில்லை. ஆகவே நீ வாங்கியிருக்கும் விரிப்பு இருபுறமும் அறுபது அறுபது சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

நீட்டிக்கொண்டிருந்தால் என்ன, செருப்பு வைக்க இடமாயிற்று என்று நீ சொல்வாய். பத்து மில்லிமீட்டர் மழை பெய்வதாக வைத்துக்கொள். கொட்டித் தீர்க்கும் மழைக்கு அது அரைமணி நேர வேலை. 1.8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமுமான கூரையின் மேல் அது 54 லிட்டர் தண்ணீர். அந்த 54 லிட்டரும் இரண்டு ஓரங்கள் வழியாக, மண்ணில் விழுந்து ஊறிப்போக வேண்டிய இடத்தில், உன் விரிப்பின் மேல் விழும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் நேரடியாக விழும் மழை இன்னொரு 36 லிட்டர். நீர் புகாத விரிப்பு என்று பெருமைப்பட்டாயே, அது கீழிருந்து மேலே விடாததைப் போலவே மேலிருந்து கீழேயும் விடாது. தரையின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடி, சாய்வு உள்நோக்கி இருந்தால் நேராக நம் முதுகுக்கு அடியில் வந்து தேங்கும். நல்ல கூரையும் நல்ல விரிப்பும் வைத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கிறவர்களில் பலர் இந்த ஒரு காரணத்தால்தான் மிதக்கிறார்கள்.

ஆகவே விரிப்பு எப்போதும் கூரையைவிடச் சிறியதாகவே இருக்க வேண்டும். அடித்தளம் சேர்த்துத் தைத்த கூடாரமாக இருந்தால், அந்தத் தளத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் ஐந்து சென்டிமீட்டர் உள்ளடங்கியிருந்தால் போதும். நம்முடையது தளமில்லாத வெறும் கூரை. ஓரத்தில் சொட்டும் நீர் மண்ணில் பட்டுத் தெறிக்கும் என்பதால் இருபுறமும் இருபது சென்டிமீட்டராவது விட வேண்டும். முன்னும் பின்னும் திறந்திருப்பதால் காற்றோடு சாரல் உள்ளே வரும். அங்கே நாற்பது சென்டிமீட்டர் விடுவது நல்லது. 1.4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் நீளம்: நம் இருவருக்கும் இதற்கு மேல் ஓர் அங்குலமும் தேவையில்லை. வெட்ட மனம் வராமல் ஓரத்தை மடித்துப் போடுவதாக இருந்தாலும், மடிப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கூரைக்குள்ளேயே வைத்துவிடு.

அடுத்தது நீ மூன்று முறை குறிப்பிட்டிருக்கும் அந்த 10,000 மில்லிமீட்டர் விவகாரம். அந்த எண்ணைக் கேட்டு மயங்காதவர் கிடையாது. துணியின் மேல் தண்ணீரைத் தூணாக நிறுத்தினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை கசியாமல் தாங்கும் என்பதே அது. நாம் படுத்திருக்கும்போது உடலின் எடை பரவலாக விழுவதால், எழுபது கிலோ ஆளாக இருந்தாலும் தரையின் மேல் விழும் அழுத்தம் ஓரிரு நூறு மில்லிமீட்டர் நீர்த்தூணுக்கு மேல் போகாது. பாயோ மெத்தையோ இருந்தால் இன்னும் குறையும். அதே ஆள் எழுந்திருக்க முழங்காலை ஊன்றி, பாதி எடையை உள்ளங்கையளவுகூட இல்லாத ஐம்பது சதுர சென்டிமீட்டரில் இறக்கினால், அது ஏழு மீட்டர், அதாவது 7,000 மில்லிமீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். படுப்பதற்காக மட்டும் 10,000 வாங்குவது வீண். சேற்றில் மண்டியிடுவதற்குத்தான் அது வேண்டும். அதற்கும் மாற்று உண்டு. மண்டியிடும் இடத்தில் ஃபோம் மெத்தையின் ஓரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டால், குறைந்த எண்ணுள்ள துணியே சமாளித்துவிடும்.

காலையில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முத்து முத்தாக நனைந்திருக்கும். உடனே ஓட்டை என்று முடிவுகட்டிப் பசை நாடாவைத் தேடாதே. காய்ந்ததாகத் தெரியும் மண்ணும் இரவெல்லாம் ஈரத்தை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் அது குளிர்ந்த விரிப்பின் அடியில் நீராகிவிடும். விரிப்பு தன் வேலையைச் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி எந்தத் துணி என்பது. நீ வாங்கியிருப்பது பாலித்தீன் இழைகளை நெய்து மேலே படலம் ஒட்டிய வழக்கமான தார்ப்பாய் என்று ஊகிக்கிறேன். உறுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் சதுர மீட்டருக்கு 180 கிராம் என்று வைத்தாலும் 9 சதுர மீட்டருக்கு 1.6 கிலோ ஆகிறது. மேலும் நெய்த துணி என்பதால் வெட்டிய ஓரமெல்லாம் இழை பிரியும். அதை வீட்டில் விறகு மூடவோ வண்டி மூடவோ வைத்துக்கொள். சிலிகான் பூசிய நைலான் மெல்லியது, சுருட்டினால் கைக்குட்டை அளவுக்கு அடங்கும், ஆனால் வழுக்கும். சாய்வான தரையில் தலைமாட்டில் படுத்தவன் விடியும்போது கால்மாட்டில் கிடப்பான். சிலிகான் பசையால் மெல்லிய கோடுகள் போட்டு உலரவிட்டால் வழுக்கல் குறையும் என்பது உண்மையே, அந்தப் பொறுமை உனக்குக் கிடையாது என்பதும் உண்மையே. பாலியூரித்தேன் பூசியவை ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்டால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து நாறத் தொடங்கும். உன் பழைய கூடாரத்தின் வாசனையை நினைவுபடுத்திக்கொள், அதுதான். ஜன்னலில் குளிரை மறைக்க ஒட்டும் சுருங்கு படலத்தை அடிவிரிப்பாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். எடையே தெரியாது, முள் குத்தினாலும் ஓரளவு தாங்கும், ஆனால் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும், காற்றில் விரிக்கும்போது உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆளைப் படாதபாடு படுத்தும்.

சின்னவன் உனக்குப் பரிசளித்ததாக எழுதியிருக்கும் வெள்ளி நிறப் படலத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதே. 1964-இல் நாசா உருவாக்கியது என்று உறையில் அச்சிட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அது திருப்பியனுப்புவது கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தை. அதற்கு இடையே சிறிது காற்றிடைவெளி வேண்டும். அதன் மேலேயே படுத்துவிட்டால் தரை நம் சூட்டைத் தொடுகையாலேயே உறிஞ்சிக்கொள்ளும். போதாக்குறைக்கு, புரளும்போதெல்லாம் அது போடும் சரசரப்பில் அடுத்த கூடாரத்துக்காரனும் விழித்துக்கொள்வான்.

என் தேர்வு டைவெக். 1955-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஒரு குழாயிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த வெண்பஞ்சு ஒருவர் கண்ணில் பட்டதிலிருந்து தொடங்கிய சரக்கு அது. விற்பனைக்கு வந்தது 1967-இல். கட்டடச் சுவர்களைப் போர்த்துவதற்காகச் சுருள் சுருளாக விற்கிறார்கள். நுண்ணிய பாலித்தீன் இழைகளை நெய்யாமல், சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டிச் செய்வதால், கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் வெட்டியபடியே நிற்கும், தைக்க வேண்டியதில்லை. நீராவி அதன் வழியே போகும், மழைநீர் போகாது. ஊறிய சேற்றின் மேல் விரித்து முழங்காலை அழுத்தினால் ஈரம் மேலே வரும், அதை மறைக்க விரும்பவில்லை. மேலே சொன்ன ஃபோம் வைத்தியம் அதற்காகத்தான். சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம் என்பதால் நம் அளவுக்கு 185 கிராமில் காரியம் முடிந்துவிடும். புதிதாக இருக்கும்போது மொடமொடவென்று காகிதம் போலச் சத்தமிடும். சோப்புப் போடாமல் குளிர்ந்த நீரில் துணியோடு துணியாக ஒரு சுற்று அலசி நிழலில் உலர்த்திவிட்டால், விறைப்பு போய்க் கசங்கிய பருத்தித் துணி போல மென்மையாகிவிடும். சூடு மட்டும் ஆகாது. அடுப்பை விரிப்பின் மேல் வைக்கும் உன் வழக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொள்.

வாத்தியாரும் வருகிறார் என்று நீ எழுதியதைப் படித்தபோது சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. இடுப்பில் அறுவை முடிந்த பிறகு அவர் தரையில் படுத்து எழுவதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, மூச்சை நிறுத்திக்கொண்டு, பாதியில் ஒருமுறை இளைப்பாறி, பிறகுதான் எழுகிறார். இரவில் எப்படியும் ஓரிருமுறை அவர் எழ வேண்டியிருக்கும். நைலான் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் உன் சோம்பல் அல்ல, அந்த ஈரக் கையும் வழுக்கும் விரிப்புமே. வெள்ளை நிறம் வேண்டும் என்பதற்கும் அவர்தான் காரணம். கைவிளக்கின் மங்கிய ஒளியில்கூடக் கண்ணாடி, மாத்திரைப் பட்டை, ஊர்ந்து வரும் பூச்சி எல்லாம் வெள்ளையின் மேல் பளிச்சென்று தெரியும், பச்சையிலும் கறுப்பிலும் தெரியாது. விரிப்பு குளிரைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் அவருக்கு ஒற்றைப் பாயை மட்டும் கொடுத்துவிடாதே. விரிப்பு ஈரத்துக்கும் கல்லுக்கும் முள்ளுக்கும் மட்டுமே. குளிருக்கு ஃபோம் மெத்தை வேண்டும், அவருக்கு இரண்டு. இனி இப்படி ஒரு பயணம் அமையுமோ அமையாதோ என்று உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். ஒன்றும் சொல்லத் தோன்றாமல் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவருக்குத் தனிக் கூரை, தனி விரிப்பு, 0.9 மீட்டர் அகலத்தில். அவருடைய குறட்டையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இடம் தேர்வதை என்னிடம் விட்டுவிடு. பள்ளத்தில் எந்த விரிப்பும் காப்பாற்றாது. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழைய வழக்கமும் வேண்டாம், அது மண்ணைக் கெடுக்கிறது; மெல்லிய மேட்டில், சருகோ மணலோ உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் அழியாத மையால் குறியிட்டு, அந்தக் குறி தெரியும் பக்கம் என்றும் மேலே இருக்கும்படி விரிப்போம். சேறு பட்ட பக்கத்தில் ஒருவரும் முகத்தை வைத்துப் படுக்க மாட்டோம்.

1.5 மீட்டர் அகலச் சுருளில் வேண்டிய நீளத்தை நான் வாங்கி வருகிறேன். வெட்டுவதற்கு முன் நீ உன் கூரையை வெட்டவெளியில் ஒருமுறை கட்டி, உச்சியின் உயரத்தையும் தரையில் ஓரத்துக்கு ஓரம் உள்ள தூரத்தையும் அளந்து எழுது. இரண்டையும் எழுது, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்துக்கொள்கிறேன். தவளை விவகாரத்தை வாத்தியார் முன்னால் எடுப்பதில்லை என்று உறுதி கொடுத்தால் உன் செருப்புக்கும் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
ராகவன்