ராத்திரி வந்த லாரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக வர்த்தக அமைப்பில் வளரும் நாடுகள் ஓரணியாக நின்றால் பணக்கார நாடுகளைப் பணியவைத்துவிடலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டாகப் பேரம் பேசுவது என்ன பாடு என்பதை நான் ஊரிலேயே பார்த்துவிட்டேன்.

பல வருஷத்துக்கு முன், எங்கள் பக்கம் கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமான ஒரு தை மாதம். களத்தில் நெல் கிடக்கிறது, வானம் மூட்டமாக இருக்கிறது. வெளியூர் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். நாங்கள் பதினான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்து, இன்ன விலைக்குக் கீழே யாரும் போடுவதில்லை என்று பேசி முடித்தோம். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி எங்களில் ஒருவர் வீட்டு வாசலில் லாரி நின்றது. அந்த வாரம் அவர் மகளுக்கு வளைகாப்பு. அவருக்கு மட்டும் மூட்டைக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்திருந்தார் வியாபாரி. விடிந்ததும் மற்ற பதின்மூன்று பேரும் வியாபாரி முதலில் கேட்ட விலைக்கே தள்ளினோம்.

கட்டுரை கொண்டாடும், மெக்சிகோவின் கான்கூனில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டிலும் இதுதான் நடந்தது. 2003 ஆகஸ்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தங்களுக்குள் பேசி ஒரு வேளாண் வரைவைக் கொண்டுவந்தன. அதற்குப் பதிலடியாகப் பிரேசிலும் இந்தியாவும் முன்னின்று ஜி-20 என்ற அணியைக் கூட்டின. (தலைவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஜி-20 வேறு.) செப்டம்பரில் மாநாடு முறிந்தது, நாமும் கைதட்டினோம். ஆனால் மாநாடு நடக்கும்போதே எல் சால்வடார் கழன்றுகொண்டது. அப்புறம் கொலம்பியா, பெரு, கோஸ்டா ரிகா, குவாத்தமாலா, எக்வடார். எல்லாமே அமெரிக்காவோடு தனி ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த, அல்லது பேச ஆசைப்பட்ட நாடுகள். அவர்கள் வாசலுக்கும் லாரி வந்தது, அவ்வளவுதான்.

அணியைக் கூட்டிய இரண்டு நாடுகளாவது சேர்ந்திருந்தனவா? 2008 ஜூலை, ஜெனீவாவில் அதே அமைப்பின் பேச்சு. இறக்குமதி திடீரென்று பெருகினால் ஏழை நாடு கூடுதல் வரி போட்டுத் தன் விவசாயியைக் காக்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு இந்தியா பிடிவாதம் பிடித்தது. எவ்வளவு பெருகினால் என்பதில்தான் சண்டை. அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த பாஸ்கல் லாமியின் வரைவு 40 சதவீதம் என்றது, நம் பக்கம் 10 சதவீதம் என்று நின்றது. அப்போதைய நம் வர்த்தக அமைச்சர் கமல்நாத் இறங்கவில்லை. பிரேசிலோ லாமியின் வரைவுக்குத் தலையாட்டிவிட்டது. சோயாவும் இறைச்சியும் விற்கிற நாட்டுக்கு அடுத்தவன் சந்தை திறந்தால்தானே லாபம்? ஜூலை 29-ஆம் தேதி பேச்சு முறிந்தது.

ஐரோப்பியர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 27 நாடுகளுக்கும் சுங்க வரி ஒன்று, எல்லோருக்கும் சேர்த்துப் பேரம் பேசுவது ஐரோப்பிய ஆணையம் மட்டும். அங்கே ராத்திரி யார் வீட்டுக்கும் தனியாக லாரி போக முடியாது. சண்டையெல்லாம் வீட்டுக்குள்தான். 2016-இல் கனடா ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் வலோனியா என்ற ஒரு பிராந்தியமே சில நாள் நிறுத்திவைத்தது.

சரி, நம் அரிசிக்கு வருகிறேன். ஜி-33 என்ற இன்னொரு அணி இருக்கிறது. பெயர்தான் 33, உறுப்பினர்கள் 47. அரசு நெல் வாங்கி ரேஷனுக்கு இருப்பு வைப்பதை நிரந்தரமாக அனுமதிக்க வேண்டும் என்று இந்தியாவோடு சேர்ந்து அது கேட்கிறது. நியாயமான கோரிக்கை. மானியத்தைக் கணக்கிட இன்றைய ஆதரவு விலையை 1986-88 சர்வதேச விலையோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கில் அரிசி கிலோ சுமார் மூன்றரை ரூபாய்! நாற்பது கிலோ மூட்டையோடு கொள்முதல் நிலைய வாசலில் ஈரப்பதம் பார்க்கக் காத்திருக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கணக்குப்படி 2018-19-இல் இந்தியாவின் அரிசி மானியம், உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. யாரும் வழக்குப் போடாமல் 2013 பாலி மாநாட்டின் தற்காலிக ஏற்பாடுதான் காப்பாற்றி வருகிறது.

நிரந்தரத் தீர்வு ஏன் வரவில்லை என்பதற்குக் கட்டுரை அமெரிக்காவை மட்டும் கைகாட்டுகிறது. அமெரிக்கா தடுக்கிறது, உண்மை. ஆனால் உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. நம் அரசுக் கிடங்கு அரிசி ஏற்றுமதிக்குக் கசிந்து விலையை விழவைக்கும் என்று பாலியின்போதே பயந்தது பாகிஸ்தான். அதுவும் ஜி-33 உறுப்பினர்தான். 2022 செப்டம்பரில் உள்நாட்டு விலையைச் சொல்லி நாம் குருணை ஏற்றுமதியை நிறுத்தினோம். நம் குருணையை வாங்கிச் சாப்பிடுகிற செனகலும் அதே அணியில்தான் இருக்கிறது. கிடங்கு அரிசி கப்பல் ஏறாது என்று எழுத்தில் தரவும், தடை போடும்போது கூட்டாளி நாடுகளுக்கு விலக்குத் தரவும் நாம் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

லாரிக்கு நெல் ஏற்றியவரைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. வளைகாப்புக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அந்த டீக்கடையில் எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. குருணையை நிறுத்துமுன் டெல்லி செனகலைக் கேட்டதா என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
நீடாமங்கலம் வட்டம்.